முகம் கறுத்தால் யார் குற்றம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சங்க ஆபீசில் நாலைந்து பேர் உட்கார்ந்து போனஸ் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். நூற்பாலையில் வேலை செய்யும் ஒரு பெண், வயது இருபத்திரண்டு இருக்கும், துப்பட்டாவால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கூட வந்தவர் அவளுடைய தாயார். காட்டு வேலை செய்து பிழைப்பவர். மகள் வாய் திறக்கவில்லை. தாயார்தான், "ஏனுங்கண்ணா, இதுக்கு மஞ்சளைக் கிஞ்சளைப் போட்டாச் சரியாப் போயிருமுங்களா?" என்று கேட்டு, மகளின் துணியை விலக்கிக் காட்டினார்.

பார்த்தவுடன் நமக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு கன்னங்களும் வெந்த தோல்போலச் சிவந்து கிடந்தன. தோலுக்கடியில் ஓடும் சிறு ரத்தக் குழாய்கள் கோடு கோடாக வெளியே தெரிந்தன. நெற்றி நிறையப் பரு. மோவாயில் பூனை ரோமம். அடுப்பு வெக்கை பட்டாலும் எரிகிறது, ஆலையில் நின்றாலும் எரிகிறது, வெயிலில் இறங்கவே முடியவில்லை என்று மெல்லச் சொன்னாள்.

விஷயம் இதுதான். ஒரு வருஷத்துக்கு முன் அவளுடைய கன்னத்தில் லேசாக மங்கு விழுந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டில் பேச்சு. அவள் வழக்கமாகத் தலைவலி மாத்திரை வாங்கும் மருந்துக்கடையில் கேட்டாள். டாக்டர் சீட்டு எதுவுமில்லாமல் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்து, "இதைப் போடும்மா, பதினைந்து நாளில் கலர் வந்துவிடும்" என்றார்கள். சொன்னபடியே வந்தது. மங்கு மறைந்தது, முகம் பளபளத்தது. தோழிகள் கேட்டு வாங்கிப் போனார்கள். நிறுத்தினால் எரிச்சல், பூசினால் அடங்கும். இப்படியே எட்டு மாதம் பூசினாள். இப்போது பூசினாலும் எரிகிறது, நிறுத்தினாலும் எரிகிறது.

அவர்களைச் சர்க்கார் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போகச் சொல்லி, கூட ஒரு தோழரையும் அனுப்ப ஏற்பாடு செய்தோம். அவர்கள் போன பிறகு, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கூலி உயர்வு, வேலை நேரம் என்று ஆயிரம் பிரச்னை கிடக்கிறது. முகத்துக்குப் பவுடர் பூசுவதெல்லாம் நமது பத்திரிகையில் எழுத வேண்டிய விஷயமா?"

இதில் அவரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயிரம் முறை சொல்லுவோம், உடன்பாடில்லை. அந்தப் பெண் வாங்கும் கூலியிலிருந்துதான் மாதா மாதம் அந்த டியூபுக்குக் காசு போயிற்று. கறுப்பாயிருந்தால் பவுன் கூடக் கேட்பார்கள் என்ற பயத்தில்தான் அவள் பூசினாள். வெயிலில் கறுத்தவரை இளப்பமாகப் பார்க்கும் வழக்கம் யாரைப் பாதிக்கிறது? நிழலில் உட்கார்ந்திருப்பவரையா? களை வெட்டுகிறவரையும் கரும்பு வெட்டுகிறவரையும்தானே! அப்படியிருக்க, இது நமது விஷயம் இல்லையென்றால் பின் யாருடைய விஷயம்?

ஆகவே, அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் சொல்ல முயலுகிறோம். மஞ்சள் போட்டால் சரியாகுமா? எது போட்டால் எது ஆகும்?

நிறம் எங்கே உண்டாகிறது?

தோலின் மேலடுக்குக்கு அடியில் மெலனின் என்ற நிறப்பொருளை உற்பத்தி செய்யும் உயிரணுக்கள் இருக்கின்றன. இவை வெள்ளைக்காரன் தோலிலும் நம் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. எவ்வளவு உற்பத்தி, எந்த வகைச் சரக்கு, அதை எப்படிப் பரப்பி வைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இந்த நிறப்பொருள் சும்மா வந்ததல்ல. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது உயிரணுவுக்குள் புகுந்து கெடுதல் செய்யாமல் தடுக்கும் குடை இது. வெயில் அதிகம் பட்டால் இந்த உயிரணுக்கள் ஓவர்டைம் பார்த்துக் கூடுதல் குடை விரிக்கின்றன. (இந்த ஓவர்டைமுக்கும் இரட்டைச் சம்பளம் கிடையாது!) அதைத்தான் நாம் "கறுத்துப் போச்சு" என்கிறோம்.

குனிந்து நாற்று நடுகிறவருக்குப் பிடரியும் முன்கையும் கறுக்கும், வயிறு கறுக்காது. லாரி ஓட்டுகிறவருக்கு ஜன்னல் பக்கத்துக் கை கறுக்கும். நிறம் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். வேலை எங்கே வெயிலைத் தருகிறதோ அங்கே நிறம். பிறந்த நிறம் தாய் தகப்பன் வழி வருவது. கர்ப்பிணிப் பெண் குங்குமப்பூவைப் பாலில் கலந்து குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது சுத்தப் பொய். ஒரு சிட்டிகைக்குக் கொடுக்கிற காசுக்கு முட்டையும் கீரையும் வாங்கித் தின்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தமாவது ஊறும். நமது பேச்சில் வெளுப்பைச் "சிவப்பு" என்று சொல்லுவது ஒரு வேடிக்கை. வெட்கப்பட்டு வேறு பெயர் வைத்தது போலிருக்கிறது. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழி சொன்ன அதே வாய்தான் பெண் பார்க்கப் போகும்போது "கொஞ்சம் நிறம் மட்டு" என்றும் சொல்லுகிறது.

இன்னொரு சங்கதியும் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்தோல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அடியில் புதிது முளைத்து, பழையது மேலே வந்து உதிர்ந்துகொண்டேயிருக்கிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதாவது வெயிலில் புதிதாக ஏறிய கறுப்பு, மறுபடி வெயில் படாவிட்டால், ஒன்றும் பூசாமலே சில வாரங்களில் குறையும்.

கலியாணப் பெண்ணுக்கு நலங்கு வைத்து மஞ்சளும் மாவும் பூசுகிறார்களே, முகம் தெளிகிறதே என்று கேட்கலாம். தெளிவது உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் அவளை வயலுக்கு அனுப்புகிறார்களா? வெளியிலேயே விடுவதில்லை. நன்றாகத் தூங்குகிறாள், நல்ல சாப்பாடு கிடைக்கிறது, அடுப்படி வேலையும் குறைவு. நிழல் செய்த வேலைக்கு மஞ்சள் பெயர் வாங்கிக்கொண்டது.

பாட்டி வைத்தியம்: எதை வைப்பது, எதை விடுவது?

அதற்காகப் பாட்டி சொன்னதெல்லாம் பொய் என்று தூக்கியெறியவும் நாம் தயாரில்லை. விளம்பரக் கம்பெனிகள் வருவதற்கு முன்பே நமது மாதர் தங்கள் தோலைப் பார்த்துக்கொண்டார்கள்.

பயத்தமாவு, கடலைமாவு நல்ல சரக்கு. பஞ்சுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த முகத்தைக் காரமான துணி சோப்புப் போட்டுத் தேய்ப்பதைவிட, மாவைத் தண்ணீரில் குழைத்து மெதுவாகத் தடவிக் கழுவுவது எவ்வளவோ மேல். ஆனால் தேய்க்கக் கூடாது. பீர்க்கங் கூடு கொண்டும் கல் கொண்டும் தேய்த்து நிறத்தை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அழுத்தி அழுத்தித் தேய்த்த இடம் புண்பட்டு, ஆறும்போது முன்னைவிடக் கறுக்கும். நம்மவர் தோலின் குணம் அது. பரு கிள்ளிய இடம், கொசு கடித்துச் சொறிந்த இடம், எல்லாம் கறுத்துத்தானே ஆறுகிறது?

கழுவிய பிறகு ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் சிறிது கை கால்களில் தடவினால் வறட்சி போகும், சாம்பல் பூத்த தோற்றம் மாறும். பரு உள்ள முகத்தில் வேண்டாம். சோற்றுக்கற்றாழையின் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டு உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுத்து, வெயிலில் காந்திய இடத்தில் வைத்தால் குளிர்ச்சி தரும். தயிரில் லேசான அமிலம் உண்டு. பழந்தோலைக் கொஞ்சம் இளக்கும். நம்மைக் கேட்டால் அதை மோராக்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போங்கள் என்போம். முல்தானி மட்டி எண்ணெய் வடியும் முகத்துக்கு ஒத்துவரும். வறண்ட தோலுக்கு ஆகாது. உருளைக்கிழங்கும் தக்காளியும் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான், குழம்புக்கே போகட்டும்.

மஞ்சள் சிறு கிருமியை அடக்கும், வீக்கத்தைக் குறைக்கும் என்பதில் உண்மை உண்டு. நிறத்தை வெளுக்கும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடையாது. மஞ்சள் ஏறிய முகம் கொஞ்சநேரம் வெளிச்சமாகத் தெரிகிறது, அதைத்தான் நிறம் என்று எண்ணுகிறோம். சிலருக்கு மஞ்சளே ஒவ்வாமை கொடுத்து அரிப்பும் கருந்திட்டும் உண்டாக்கும். கடைத் தூளில் பளிச்சென்ற நிறத்துக்காக ஈய குரோமேட் கலக்கும் பாதகர்களும் உண்டு. ஆகையால் கிழங்காக வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்வதே உத்தமம்.

இனி, கூடாதவை. எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்குவது பெரிய ஆபத்து. அதிலிருக்கும் ஒரு சத்து தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால், கொப்புளம் கண்டு, மாதக்கணக்கில் மறையாத கருங்கோடு விழும். நிறம் போக்கப் போய் நிறத்தை வாங்கிக்கொண்ட கதை! இதே ஜாதியைச் சேர்ந்ததுதான் கார்போகரிசி. நலங்கு மாவில் வாசனைக்கென்று சேர்க்கிறார்கள். அதிலிருக்கும் சொராலென் என்ற பொருளை வெண்புள்ளி நோய்க்கு டாக்டர்கள் கொடுப்பதுண்டு. எதற்கு? வெயில் பட்ட இடத்தை நன்றாகக் கறுக்க வைப்பதற்கு! வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு அது தீங்கு செய்யாமல் போகலாம். காலையில் பூசிக் குளித்துவிட்டு நேரே களையெடுக்கப் போகும் பெண்ணுக்கு அது எதிர்வேலை பார்க்கும். பற்பசை, சோடா உப்பு, பப்பாளிப் பால் ஆகியவற்றை முகத்தின் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள்.

திட்டு எல்லாம் நிறமல்ல

இந்த இடத்தை வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். மாவும் மஞ்சளும் பூசி மாதக்கணக்கில் காத்திருக்கிறோமே, அந்தத் திட்டு சில சமயம் நோய்.

கழுத்தைச் சுற்றி, அக்குளில், வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கறுத்திருக்கிறதா? அது அழுக்கல்ல. எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. பருத்த உடம்போடு இந்தக் கறுப்பும் இருந்தால், சர்க்கரை நோய் வந்திருக்கிறது, அல்லது வரப்போகிறது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்துப் பாருங்கள். விரல் முட்டிகள் காரணமின்றிக் கறுத்து, உடம்பு அசந்து, நாக்கு எரிந்தால் பி12 என்ற சத்துக் குறைவாக இருக்கலாம்.

மார்பிலும் முதுகிலும் சிறு சிறு வெளிறிய திட்டு, சுரண்டினால் தவிடுபோல் உதிர்வது தேமல். அது ஒரு பூஞ்சைக் காளான். வேர்வையும் புழுக்கமும் அதற்கு உரம். நூல் அறுபடாமலிருக்க ஆலைக்குள் ஈரக் காற்றை ஏற்றி ஜன்னலை அடைத்து வைக்கிறார்கள். நூலுக்குச் சுகம், தொழிலாளிக்குத் தேமல். இதற்குப் பூஞ்சைக்கான மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. காளான் செத்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். மருந்து கேட்கவில்லை என்று அவசரப்படக் கூடாது.

ஆனால் வெளிறிய திட்டோ, செம்பு நிறத் திட்டோ இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை, கிள்ளினால் வலி இல்லை என்றால், ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசம்; 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முற்றிலும் குணமாகும். மறைத்து மறைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தால்தான் விரல் மடங்கிப் போகும்.

நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை விழுந்திருந்தால், ஒட்டும் பொட்டின் பசையைச் சந்தேகியுங்கள். பாதத்தில் செருப்பு வார் பதியும் இடத்தில் வெள்ளை விழுந்தால் ரப்பரைச் சந்தேகியுங்கள். இரண்டிலும் சேரும் சில ரசாயனங்கள் நிற உயிரணுக்களைக் கொன்றுவிடும்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் வந்த மங்கு வேறு. கன்னம், நெற்றி, மேலுதட்டில் படரும் பழுப்புத் திட்டு அது. பெண்களுக்கே அதிகம். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி ஆகியவை அடியில் இருக்க, வெயில் அதை மேலே கொண்டுவரும். பிடிவாதமான திட்டு, போகும், வரும். ஆனால் உயிருக்கோ உடம்புக்கோ ஒரு கெடுதலும் செய்யாது. கெடுதல் செய்தது அதற்கு விற்ற மருந்துதான்.

டியூபுக்குள் என்ன?

அந்த டியூபை வாங்கிப் பார்த்தோம். மூன்று மருந்துகளின் கலவை. அதில் ஒன்று ஸ்டீராய்டு. வைத்தியத்தில் ஸ்டீராய்டு அருமையான மருந்துதான். படை, சொறி எத்தனையோ நோய்க்கு, டாக்டர் குறித்த நாள் மட்டும் பூசினால் குணம் தரும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோலைக் காகிதமாக மெலிய வைக்கும். பருவும் ரோமமும் வரும். நிறுத்தினால் முகம் பற்றியெரியும். அதனால் ஆள் திரும்பவும் அதே கடைக்குத்தான் ஓட வேண்டும். இப்படிப் பாழான முகங்கள் நாடெங்கும் பெருகி, தோல் டாக்டர்கள் கூச்சல் போட்ட பிறகு, 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றில் மத்திய சர்க்கார் சேர்த்தது. நாம் பார்த்த டியூபிலும் அந்த எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம்.

இன்னொரு வகை இதைவிடக் கொடியது. பெயர் தெரியாத டப்பா, எங்கே தயாரித்தது என்ற விலாசமில்லை, "ஏழே நாளில் வெண்மை" என்று மட்டும் இருக்கும். பலவற்றில் இருப்பது பாதரசம். பாதரசம் மெலனின் உற்பத்தியை நிறுத்துகிறது. வெளுப்பு வருவது மெய். ஆனால் அது தோல் வழியே ரத்தத்தில் ஏறி மூத்திரக்காயை அடைகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மூத்திரக்காய் வடிகட்டி பழுதடைந்து கால் வீங்கி வந்த 22 நோயாளிகளை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! பூசுகிறவருக்கு மட்டுமல்ல, பாதரச ஆவி ஒரே அறையில் படுத்திருக்கும் பிள்ளைகளையும் தாக்கும். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை 2013ல் உருவாயிற்று, நமது நாடும் 2018ல் அதை அங்கீகரித்தது. ஆனாலும் சரக்கு சந்தைக்கு வந்தபடிதான் இருந்தது.

இந்த வெளுப்பு ரசாயனங்கள் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்பது ஆலைத் தொழிலாளர்கள் அவசியம் அறிய வேண்டிய வரலாறு. 1939ல் அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரப்பர் கையுறை மாட்டி வேலை செய்த தொழிலாளர்களின் கைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. ரப்பர் கெடாமலிருக்கக் கையுறையில் சேர்த்திருந்த ஹைட்ரோகுவினோன் வகை ரசாயனமே காரணம் என்று கண்டறிந்தார்கள். தொழிலாளியின் கையில் நோயாக வந்த அதே குடும்பத்து ரசாயனங்கள் பிறகு நிறம் போக்கும் மருந்தாக டப்பாவில் அடைக்கப்பட்டன. டாக்டர் கண்பார்வையில் அளவோடு பூசினால் மங்குக்கு ஹைட்ரோகுவினோன் பயன்படும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அளவு மீறி வருஷக்கணக்கில் பூசினால் தோல் நீலக் கறுப்பாகித் திரும்பாமலே போவதும் உண்டு.

ஜப்பானில் கனேபோ என்ற கம்பெனி. அந்தப் பெயரே பழைய பஞ்சாலை ஒன்றின் பெயர்; நூல் நூற்றுப் பணம் சேர்த்து, பின்னால் அழகுச் சாமானில் இறங்கிய பரம்பரை. அதன் வெளுப்புப் பூச்சைப் பூசியவர்களின் முகத்திலும் கழுத்திலும் வெண்திட்டு விழுந்து, 2013 ஜூலையில் சரக்கையெல்லாம் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 18 ஆயிரத்துக்கும் மேல். இத்தனைக்கும் அது சர்க்கார் அனுமதி பெற்ற சரக்கு, பெரிய கம்பெனி.

நமது நாட்டுப் பெரிய கம்பெனிகளின் கிரீமில் பாதரசம் இருப்பதாக நாம் சொல்லவில்லை. இல்லாததைச் சொல்ல மாட்டோம். அவர்கள் விற்ற விஷம் வேறு வகை. 1975ல் ஹிந்துஸ்தான் லீவர் "பேர் அண்டு லவ்லி"யைக் கொண்டுவந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, கிரீம் பூசியதும் இரண்டும் கிடைக்கும் என்று வருஷக்கணக்கில் டெலிவிஷனில் காட்டினார்கள். ஆண்களும் தப்பக் கூடாதே என்று 2005ல் இமாமி கம்பெனி ஆண்களுக்கென்று தனிக் கிரீம் இறக்கியது. 2020ல் அமெரிக்காவில் கறுப்பு மக்களின் கிளர்ச்சி உலகையே உலுக்கியபோது, லீவர் கம்பெனி "பேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "குளோ" என்று மாற்றிக்கொண்டது. 45 வருஷம் கறுப்பு அவமானம் என்று சொல்லிக் காசு பண்ணினார்கள். எழுத்தை மாற்றியதோடு கணக்குத் தீர்ந்ததாம்!

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை என்பார்கள். பொய் மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் 54 நோய்கள். நிற வெளுப்பு அதில் இல்லை. 2020 பிப்ரவரியில்தான் பட்டியலை 78 ஆக்கி, தோல் நிறத்தையும் சேர்த்து ஒரு நகல் வெளியிட்டார்கள். கிரீம் வந்து 45 வருஷம் கழித்து ஒரு நகல்!

நிழல் யார் தருவது?

வெயில் படாமலிருப்பதுதான் நிறம் சீராவதற்கு உண்மையான வழி என்று தோல் டாக்டர்கள் ஒருமுகமாகச் சொல்லுகிறார்கள். வெயில் தடுக்கும் களிம்பை இரண்டு மணிக்கொரு முறை பூசச் சொல்லுகிறார்கள். நல்ல யோசனைதான். வேர்வை ஆறாக ஓடும் கரும்புக் காட்டில், கழுவி வழிந்துபோகும் களிம்பை, நாள் கூலியில் பங்கு கொடுத்து யார் பூசுவது? நமது மாதர் தாங்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டி, தலையில் துண்டைப் போர்த்தி, காதையும் பிடரியையும் மூடிக்கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். வரப்பில் போகும் படித்த பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிப்பதை நாம் கண்டிருக்கிறோம். நெருக்கமாக நெய்த, நிறம் அடர்ந்த துணி பல களிம்புகளைவிட நன்றாகவே வெயிலைத் தடுக்கும். அகலமான ஓலைத் தொப்பியும் சேர்ந்தால் முகத்துக்கும் பாதுகாப்பு. ஆண்களும் முண்டாசை நெற்றிவரை இறக்கிக் கட்டிக்கொள்ளலாமே, கௌரவம் குறைந்துவிடாது.

ஆனால் துணி மட்டும் போதாது. பதினோரு மணி முதல் மூன்று மணி வரை வெயிலின் கொடுமை உச்சம். அந்த நேரத்தில் வேலையை நிறுத்தி, விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் பார்த்தால் முகமும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும். வெயில் தாக்கி மயங்கி விழுகிறவர்கள் ஒருவரா இருவரா? 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்திலேயே, வேலை நடக்கும் இடத்தில் குடிதண்ணீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வுக்கு வசதி என்று எழுதியிருந்தது. எத்தனை ஏரிக் கரையில் அந்தப் பந்தலைப் பார்த்தீர்கள்? நாம் போன இடங்களில் வேப்பமரம் இருந்தால் நிழல், இல்லாவிட்டால் இல்லை. மரத்தை நட்டவர் எந்தச் சட்டத்தையும் படித்தவரல்ல.

இதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை. நிழல் கேட்பது சொகுசு கேட்பது என்று மேஸ்திரி சொல்லுவார். அவர் குடை பிடித்துக்கொண்டு சொல்லுவார்.

அந்தப் பெண்ணின் கதையை முடித்துவிடுவோம். தோல் பிரிவு டாக்டர் அம்மாள் பொறுமையாக விசாரித்தாராம். திடீரென்று விடாமல், வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்த வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், ரத்தக் குழாய்க் கோடுகள் முழுவதும் மறையும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றாராம். முகம் கழுவ என்ன போடலாம் என்று தாயார் கேட்டதற்கு, இப்போதைக்கு வெறும் தண்ணீர், எரிச்சல் அடங்கிய பிறகு பயத்தமாவு என்று சொல்லியிருக்கிறார். தாயாருக்கு அதில் ஒரு சந்தோஷம். "எங்க காட்டுப் பயறுங்கண்ணா" என்று நமக்கும் ஒரு படி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எரிச்சல் இப்போது பாதி குறைந்திருக்கிறது. அவள் ஷிப்டுக்குப் போகிறாள்.

பழைய டியூபை நாம் குப்பையில் போடவில்லை. மருந்து ஆய்வாளருக்கு எழுதும் மனுவோடு சேர்த்து ஒரு கவரில் வைத்திருக்கிறோம். தன் ஹாஸ்டலில் இன்னும் பதினொரு பெண்கள் அதே டியூபைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள் என்று அவளே விசாரித்து வந்து சொன்னாள். மனுவில் கையெழுத்துப் போட அவர்களில் ஏழு பேர் சம்மதித்துவிட்டார்கள். மற்ற நால்வரிடம் இந்த வாரம் பேசுகிறாள்.